படலை வரைக்கும்

லண்டனுக்குப் பிளேன் ரிக்கற் வேண்டும் என்று போய் நின்றால், எங்கள் ரிக்கற் அக்கா முதலில் கேட்பது நாளையும் இல்லை, ஆளையும் இல்லை. "எந்தப் படலையில இருந்து எந்தப் படலைக்கு?" என்பார். வீட்டு வாசல் படலையைச் சொல்லாமல், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து லண்டன் விமான நிலையத்துக்கு என்று யாராவது அப்பாவித்தனமாகச் சொல்லிவிட்டால் போச்சு. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "ஏன், ரன்வேயிலயோ குடியிருக்கிறியள்?" என்று கேட்பார். வந்தவர் முழிப்பார். வாசலில் வானை நிறுத்திவிட்டு நிற்கும் நான் சிரிப்பை அடக்க வேறு பக்கம் பார்ப்பேன்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. இப்போது மட்டக்களப்பில் மகளோடு இருக்கிறார். இதை யாராவது வாசித்துக் காட்டினால், அந்த நேரம் பிழை, இந்தத் தூரம் பிழை என்று எனக்குத்தான் போன் வரும். ஊரே அவரை ரிக்கற் அக்கா என்றுதான் சொன்னது. அவரை விட மூத்தவர்களும் அக்கா என்றார்கள்.

திருகோணமலை பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தது அவருடைய கந்தோர். ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு கம்ப்யூட்டர், காற்றை விடச் சத்தத்தை அதிகம் தரும் ஒரு காற்றாடி. மேசையில் ஒரு பூகோள உருண்டை இருந்தது. இலங்கை அதில் பொட்டளவுதான். அதனால் கொழும்பு இருக்கும் இடத்தில் தன்னுடைய ஒட்டுப் பொட்டு ஒன்றையே ஒட்டியிருந்தார். பாதி இந்து சமுத்திரம் அதற்குள் போய்விட்டது. ஊருக்குள் திரியும் மான்கள் படியேறி வந்து மேசையிலிருக்கும் கடதாசியைத் தின்னப் பார்க்கும். அவர் கோடு போடும் அடிமட்டத்தால் கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, எதிரே இருப்பவரோடு கதையைத் தொடருவார்.

நான் வான் ஓட்டுகிறவன். அக்கா அனுப்புகிற ஆட்களைக் கட்டுநாயக்காவில் கொண்டுபோய் விடுவதும் அங்கிருந்து ஏற்றி வருவதும் என் வேலை. ஆகாயம் அவருக்கு, தார் ரோட்டு எனக்கு என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அது என் நினைப்பு. தார் ரோட்டும் அவருடைய கணக்குக்குள்தான் இருந்தது. "தம்பி, கந்தளாயில நேற்று யானை நிண்டதோ?" என்று கேட்பார். "நிண்டது அக்கா, ஆனா விலத்திக்கொண்டு வந்திட்டன்" என்றால், "நீர் விலத்துவீர். வயசு போன மனிசரை வச்சுக்கொண்டு விலத்தாதையும். யானைக்கு நான் நேரம் வச்சிருக்கிறன்" என்பார். தம்புள்ளையில் தேத்தண்ணி குடிக்க, குருநாகலில் நெரிசலில் நிற்க, சூட்கேஸ் பட்டியில் வந்து சேர, வெளியே நிற்கும் சொந்தங்கள் கட்டிப்பிடித்து அழ, எல்லாவற்றுக்கும் அவரிடம் நேரம் இருந்தது. அழுகிற நேரத்தைக் குறைத்துப் போட்டு ஒருநாளும் நான் கண்டதில்லை.

உருண்டையில் தூரம் பார்க்க ஒரு நூல் வைத்திருந்தார். ஒரு நுனியைப் பொட்டில் பிடித்து, மற்ற நுனியைப் போகவேண்டிய ஊருக்கு இழுத்து, நூல் தானாகவே இறுகி விழுகிற பாதையைக் காட்டுவார். ரொறன்ரோவுக்கு நூல் பிடித்தால் அது லண்டனுக்குக் கிட்டவும் போகாது, ரஷ்யாவுக்கு மேலேறிப் பனிக்கட்டிக்குள் போய் இறங்கும். சுவரில் தொங்கும் வரைபடத்தைக் காட்டி நேராகப் போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. "கடதாசி தட்டை. உலகம் என்ன செய்யிறது?" என்பார்.

நிலாவெளியிலிருந்து ஒரு ஐயா வந்தது நல்ல நினைவிருக்கிறது. மகன் லண்டனில். ஐயா ரிக்கற்றுகளை வரிசையாகப் பார்த்துப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று செய்திருந்தார். இங்கிருந்து மத்தியானம் புறப்பட்டால் அதே நாள் பின்னேரம் லண்டனில் இறங்குகிறது. அங்கிருந்து இரவு புறப்பட்டால் அடுத்த நாள் மத்தியானம்தான் இங்கே வருகிறது.

"போகேக்க ஆறு மணித்தியாலம், வரேக்க பதினாறு" என்றார் ஐயா. "எனக்கு விளங்குது. பிள்ளையள் சாமான் கட்டிக்கொண்டு வருதுகள். பாரம் கூட. அதால மெதுவாத்தான் ஓடும்."

அக்கா சிரிக்கவில்லை. வந்த ஆளை அவர் ஏசுவார், ஒருநாளும் நக்கலடிக்கமாட்டார். மணிக்கூடுகளைத் தனித்தனியாக விளங்கப்படுத்தினார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று, ரிக்கற்றில் அந்தந்த ஊர் நேரம்தான் அடிப்பார்கள், விமானம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் பறக்கிறது என்றார். ஐயா தலையாட்டினார். எழும்பிப் போகும்போது, "எண்டாலும் சொக்லேட் பெட்டி சரியான பாரம் தங்கச்சி" என்றார். அக்காவால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க ஏலாமல் போய்விட்டது. மான் விரட்டுகிற சாட்டில் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

இதெல்லாம் பகிடிதான். ஆனால் அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அலறியடித்துக்கொண்டுதான் ஓடி வருவார்கள். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீடு குறைவு. ஒருவர் கண்ணை மூடினால் சனம் கேட்கிற முதல் கேள்வி, எப்ப எடுக்கினம்? அடுத்தது, ஆர் வரவேணும்? பிள்ளை கட்டுநாயக்காவில் இறங்கும் நேரத்தை விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் தள்ளிப் பிரேதம் எடுக்க நேரம் குறிப்பார்கள். ஆறு மணித்தியால ரோட்டுக்கு அப்பால் இருக்கிற கட்டுநாயக்கா ஏதோ பக்கத்து உப்புவெளியில் இருப்பது போல. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இந்தப் பிழையை விட்டார்கள். துக்கத்தில் இருக்கிறவனுக்கு விமானம் நிலத்தைத் தொட்டாலே பிள்ளை வந்துவிட்ட மாதிரித்தான். அக்கா கேள்விப்பட்டால் அழைப்பில்லாமலே அந்த வீட்டுக்குப் போவார். பந்தலுக்குள் நின்று, "பின்னேரம் அஞ்சுக்கு மாத்துங்கோ" என்பார். ஆர் இவ, என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். பிறகு மாற்றுவார்கள்.

அவரைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். காரணம் ஒரே ஒரு சொல். கணக்குப் பார்த்துச் சரிவராது என்றால் "ஏலாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பார்ப்பம், கடவுள் விட்ட வழி, வந்திடலாம் என்று நாங்கள் எல்லோரும் சொல்வதை அவர் சொல்லமாட்டார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிசி என்று நானே வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

கிண்ணியாவில் ஒருவர் காலையில் மௌத்தானார். மகன் கத்தாரில். இறந்தவரின் தம்பிமார் இருவர் கந்தோருக்கு ஓடி வந்து போனை அக்காவிடம் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் மகன் அழுகிறான். எப்படியாவது வாப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். மாலைக்குள் அடக்கம் செய்துவிடுவார்கள், அதற்கு மேல் வைக்கமாட்டார்கள். அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"தம்பி, ஆகாயத்தில அஞ்சு மணித்தியாலம்தான், அது பெரிய தூரமில்லை. ஆனா இனி இரவுதான் பிளேன். நீங்கள் கிண்ணியாப் பாலம் தாண்ட நாளைக்கு மத்தியானம் ஆகும். வாப்பாவைக் காண ஏலாது."

தம்பிமாரில் ஒருவர் கோபத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அக்கா கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னார். போனில் தொடர்ந்தார்.

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ. உம்மா இருக்கிறா. அவ இத்தாவில, வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருக்கப் போறா, மாதக்கணக்கில. ஓடிவந்து ரெண்டு நாள் நிண்டிட்டு ஓடாமல், லீவை ஒழுங்கா எடுத்துக்கொண்டு அவவோட இருக்க வாங்கோ. அதுக்கு நேரம் கிடக்கு."

மகன் ஒரு கிழமை கழித்து வந்தான். நான்தான் ஏற்றி வந்தேன். ஒரு மாதம் உம்மாவோடு நின்றான். திரும்பிப் போகும்போது கந்தோருக்கு வந்து மஸ்கட் இனிப்புப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தான். "எல்லாரும் வா வா எண்டாங்க. நீங்க மட்டும்தான் எனக்கு உள்ளதைச் சொன்னீங்க" என்றான். அக்கா பெட்டியைத் திறந்து எனக்கும் ஒரு துண்டு தந்தார்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

அம்மா துறைமுகத்துக் கன்ரீனில் முப்பது வருடம் சமைத்தவர். கடைசிக் காலத்தில் இதயம் களைத்துப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வார்டில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வெளிநாட்டில பிள்ளையள் இருந்தா வரச்சொல்லுங்கோ" என்றார். அந்த வசனத்தின் அர்த்தம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கச்சி. கனடாவில், வான்கூவரில், புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள். ஆறு வருடமாக வரவில்லை. அம்மா காய்ச்சலில் பிதற்றினாலும் அவள் பெயர்தான் வாயில் வரும்.

தங்கச்சி போனில் அழுதுகொண்டே தன் திட்டத்தைச் சொன்னாள். அங்கே அப்போது திங்கள் மாலை. அன்றிரவு விமானத்தில் இடமில்லை. அடுத்த நாள் புறப்பட்டு லண்டன் வந்து, புருசனின் மாமி வீட்டில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து கொழும்பு. லண்டனைத் தாண்டுகிற எவரும் மாமி வீட்டில் கால் வைக்காமல் தாண்ட முடியாது. அது அவர்களுடைய குடும்பத்தில் எழுதாத சட்டம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மச்சான் அப்படித் தாண்டிப் போனதற்கு மாமி இன்னும் அவனோடு கதைப்பதில்லை. இந்த முறை மாமி புட்டும் மீன்குழம்பும் வைத்துத் தருவதாகவும் சொல்லிவிட்டாராம்.

நான் போனோடு கந்தோருக்கு ஓடினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மூன்று கதிரைகளில் ஒன்றில் இருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படலைக் கேள்வியைக் கேட்கவில்லை. டொக்டர் என்ன சொன்னவர் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உருண்டையைக் கிட்ட இழுத்தார்.

வான்கூவர் கனடாவின் அந்தக் கரையில் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். நூலை லண்டன் பக்கமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு உருண்டையைத் திருப்பி, பசிபிக் சமுத்திரத்தின் மேலால் சிங்கப்பூருக்கு இழுத்து, அங்கிருந்து பொட்டுக்குக் கொண்டுவந்தார். லண்டன் வழி பதினாறாயிரம் கிலோமீற்றருக்கு மேல். சிங்கப்பூர் வழி அதைவிட எழுநூறு, எண்ணூறு குறைவு. செவ்வாய் இரவு அங்கே ஏறினால் வியாழன் காலை சிங்கப்பூர், முற்பகலில் கொழும்பு.

போனில் தங்கச்சி தடுமாறினாள். "அக்கா, அது உலகத்தைச் சுத்தி வாற மாதிரியெல்லோ? செவ்வாய் வெளிக்கிட்டு வியாழன் எண்டா ரெண்டு நாள் பிளேனுக்க இருக்கவேணுமே?"

"இல்லைப் பிள்ளை. நடுவில திகதிக்கோடு தாண்டேக்க ஒரு நாளைக் கலண்டர் சாப்பிடும், அது உம்மட நாள் இல்லை. நீர் ஆகாயத்தில இருக்கிறது இருபது மணித்தியாலத்துக்குள்ள. மாமி வீட்டால வந்தா வெள்ளி இரவுதான் ஆஸ்பத்திரிக்கு வருவீர். இதால வந்தா வியாழன் பின்னேரம்."

"மாமி கோவிப்பா அக்கா."

"மாமியின்ர கோவத்துக்கு ஆயுள் கூட. அதைப் பிறகு பார்க்கலாம். இப்ப உம்மட மனிசனிட்டப் போனைக் குடும்."

அன்று பின்னேரமே அக்கா வார்டுக்கு வந்தார். வந்த நேரம் சரியில்லை என்றுதான் நினைத்தேன். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர் நின்றார்கள். அம்மா கண்ணைத் திறக்கும்போதெல்லாம், "இந்தா வந்துகொண்டிருக்கிறாள்", "கிட்ட வந்திட்டாள்" என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் சொன்னேன். தங்கச்சி அப்போது வீட்டை விட்டே புறப்படவில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்ப்பார், பிறகு கண்ணை மூடிக்கொள்வார். மூச்சு இன்னும் கொஞ்சம் கீழே போகும்.

அக்கா கட்டிலருகே குனிந்தார்.

"அம்மா, நான் ரிக்கற் போடுற பிள்ளை. மகள் இண்டைக்கு வரமாட்டா. நாளைக்கும் வரமாட்டா. வியாழக்கிழமை பின்னேரம், விளக்குப் போடுற நேரம் இந்த வாசலால வருவா. அதுக்கு முந்தி ஏலாது. அது மட்டும் இருப்பியளோ?"

என் மனைவி என் கையைக் கிள்ளினாள். பெரியம்மா ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அக்காவை அந்த இடத்தைவிட்டு இழுத்துக்கொண்டு போகவேண்டும் போலிருந்தது. அம்மா அவருடைய முகத்தையே பார்த்தார்.

"வியாழன் பின்னேரமோ?"

"ஓம் அம்மா."

"இவையள் சும்மா அலட்டிக்கொண்டிருக்கினம்" என்றார் அம்மா. "கப்பல்காரன் வந்தாலும் நேரத்தைச் சொல்லிப்போட்டுத்தான் வருவான். நேரம் தெரிஞ்சாத்தானே உலை வைக்கலாம்." பிறகு என்னைப் பார்த்துக் கஞ்சி கேட்டார். இரண்டு நாளாகச் சொட்டும் வாங்காத வாய்.

அதற்குப் பிறகு அம்மா வாசலைப் பார்க்கவில்லை. புதன்கிழமை அக்கா மூன்று தடவை என் மனைவிக்குப் போன் எடுத்து, அதை அம்மாவின் காதில் வைக்கச் சொன்னார். மகள் ஏறிவிட்டாள். மகள் இப்போது பெரிய கடலுக்கு மேலே, நித்திரை கொள்ளுவாள். மகள் ஜப்பானுக்குப் பக்கத்தால் வருகிறாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றாராம். ஜப்பான் கப்பல்காரருக்கு மீன் பொரித்துக் கொடுத்ததைப் பற்றி மனைவிக்கு ஒரு கதையும் சொன்னாராம்.

வியாழன் விடியற்காலை நான் கட்டுநாயக்காவுக்குப் போனேன். தங்கச்சி வெளியே வந்தபோது நாங்கள் அழுதோம், அதற்கும் அக்கா நேரம் வைத்திருப்பார் என்ற நினைப்பில் கொஞ்சம் தாராளமாகவே அழுதோம். ஹபரணை தாண்டி ஓர் ஒற்றை யானை ரோட்டில் நின்றது. தங்கச்சி விலத்து அண்ணா, விலத்து என்றாள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அது தன்பாட்டில் காட்டுக்குள் போன பிறகுதான் வானை எடுத்தேன்.

வார்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். அம்மா தலையணையில் சாய்ந்து, தலை சீவி இழுத்து, சுத்தமாக இருந்தார். என் மனைவிதான் இழுத்துவிட்டாளாம், கேட்டு இழுப்பித்தாராம். தங்கச்சி ஓடிப்போய்க் காலடியில் விழுந்தாள். அம்மா அவளுடைய தலையைத் தடவிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "லண்டன் மாமி கோவிச்சவவோ?" தங்கச்சி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

மூன்று நாள் இருவரும் கதைத்தார்கள். பெரிய விசயம் எதுவும் இல்லை. பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள், அங்கே முருங்கையிலை கிடைக்குமா, இந்த மாதிரி. ஞாயிறு காலை கோயில் முதற்பூசை முடிகிற நேரம், தங்கச்சியின் கை அம்மாவின் கைக்குள் இருக்க, அம்மா போனார். எத்தனை தாய்மார் வாசலைப் பார்த்தபடி போனதை நான் கண்டிருக்கிறேன். எத்தனை பிள்ளைகளை ரோட்டில் ஏற்றி வரும்போதே செய்தி வந்து, வானை ஓரங்கட்டியிருக்கிறேன். என் அம்மாவுக்கு அப்படி நடக்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்லவேண்டியது கடவுளுக்கு, அடுத்தபடியாக அந்த ஒற்றை அறைக் கந்தோருக்கு.

அடக்கம் முடிந்த மாலை அக்கா வீட்டுக்கு வந்தார். பந்தலில் ஒரு கதிரையில் இருந்து கோப்பி குடித்தார். தங்கச்சி அவரருகே போய் நின்றாள். அவள் ரிக்கற் போடும்போது பத்து நாளில் திரும்புகிறதாகத்தான் சொல்லியிருந்தாள். வந்த அவதியில் திரும்புகிற திகதியை அவள் திறந்தும் பார்க்கவில்லை.

"அக்கா, நான் போற நாளைத் தள்ளிப் போட ஏலுமோ? அம்மான்ர முப்பத்தோராம் நாள் பூசை மட்டும் நிக்கவேணும்."

அக்கா கோப்பியைக் கீழே வைத்தார்.

"தள்ளத் தேவையில்லை. அது ஒண்டரை மாதம் தள்ளி, முப்பத்தொண்டு முடிஞ்சுதான் போட்டுக் கிடக்கு."

"நான் பத்து நாள் எண்டெல்லோ சொன்னனான்?"

"ஓம், சொன்னனீர். நான் உம்மட மனிசனோட கதைச்சு மாத்திப் போட்டனான். லீவும் அவர் உம்மட வேலையிடத்தில சொல்லிட்டார்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிண்ணியாப் பிள்ளைக்கு முகத்துக்கு நேரே ஏலாது என்றவர், என் தாயின் கட்டிலருகே குனிந்து நாளைக்கும் வரமாட்டாள் என்றவர், இந்த ஒரு கணக்கை மட்டும் செவ்வாய்க்கிழமை காலையே போட்டு முடித்து, ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார்.

"ஏன் அக்கா என்னட்டச் சொல்லேல்ல?" என்று தங்கச்சி கேட்டாள்.

"சொல்லியிருந்தா, நீர் அம்மாவைப் பார்க்க வந்திருக்கமாட்டீர் பிள்ளை" என்றார் அக்கா. "செத்த வீட்டுக்கு வந்திருப்பீர்."